மாரடைப்புக்குப் பிறகும் வாழ்க்கை உண்டு!

ராத்தாவுக்கு அப்போது வயது 53. இளைய மகளின் கல்யாணத்துக்குப் பதினொரு நாட்களே இருந்தன. மகளுக்குக் கொடுக்கும் வீட்டில் பூச்சு வேலை முடியவில்லை. மேசனுக்குக் கூலி பாக்கி. மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், கடன்காரர் முகம் மறுபக்கம்.

அன்று காலையிலிருந்தே முதுகின் நடுவில் ஏதோ வைத்து அழுத்துவது போலிருந்ததாம். தாடை கனத்தது. வியர்த்துக் கொட்டியது. "வாய்வுதான்" என்று தானே தீர்ப்புச் சொல்லி, இஞ்சியும் உள்ளியும் தட்டிப் போட்டுக் குடித்துவிட்டு மறுபடி அடுப்படிக்குப் போய்விட்டார். லுஹர் நேரத்தில் வாந்தி எடுத்து, சுவரோடு சரிந்து விழுந்த பிறகுதான் வீட்டார் முச்சக்கர வண்டி தேடி ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டொக்டர், "இது வாய்வு இல்லை, மாரடைப்பு. வந்து பல மணித்தியாலம் ஆகியிருக்கும்" என்றார். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பியது. பிறகு வெளி மாவட்டத்தில் அஞ்சியோகிராம் செய்து, அடைத்திருந்த குழாயில் ஸ்டென்ட் எனும் வலைக்குழாயையும் பொருத்தினார்கள். கல்யாணமும் சில மாதம் தள்ளி நல்லபடியாக நடந்தது.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் உண்மையான சோதனை, ராத்தா வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது.

இரவில் விளக்கை அணைக்க விடமாட்டார். குளியலறைக் கதவைத் தாழிடப் பயம். ஸுஜூதுக்குக் குனிந்தால் நெஞ்சு அடைத்துவிடுமோ என்று பயம். நோய் விசாரிக்க வருகிறவர்களோ, "எங்கட மச்சானுக்கும் இப்படித்தான் வந்தது. நல்லாத்தான் இருந்தார். மூணாம் மாசம் மௌத்தாயிட்டார்" என்று கதை சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்!

நாங்களும் சும்மா இருக்கவில்லை. அன்பு என்ற பெயரில் அவருடைய கையிலிருந்த எல்லாவற்றையும் பிடுங்கினோம். அடுப்படிக்குப் போகக் கூடாது. கிணற்றடிக்குப் போகக் கூடாது. பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாது. வீட்டுச் செலவைப் பற்றி யாரும் அவரிடம் பேசக் கூடாது. ஒரு நாள் அவர் சொன்னார்: "என்னய உசிரோட வெச்சிக்கிட்டே மையித்தாக்கிட்டீங்களே!"

அதற்குப் பத்து நாள் கழித்து, அரிசி வாளியைத் துப்புரவு செய்த மகளின் கையில் ஒரு பொலித்தீன் பை சிக்கியது. உள்ளே குளிசைகள். மூன்று வாரத்துக் குளிசைகள்! விழுங்குவது போல் பாவனை செய்து, எல்லாவற்றையும் அங்கே ஒளித்து வைத்திருந்தார் ராத்தா.

கிளினிக்கில் விஷயத்தைச் சொன்னபோது டொக்டர் கோபிக்கவில்லை. "இது பிடிவாதம் இல்லை. இருதயத்துக்கு வந்த நோய் மனதையும் பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் கண்ணைத் திறந்தது.

சகோதரிகளே! நம் திருகோணமலை மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் இதே கதை வெவ்வேறு உருவத்தில் நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் நாங்கள் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்பினேன்.

மனக்கவலை நெஞ்சை எப்படித் தாக்குகிறது?

கவலையோ, கோபமோ, திடீர்ப் பயமோ வரும்போது உடம்பில் அட்ரினலின், கோர்ட்டிசோல் போன்ற ஹோர்மோன்கள் கூடுகின்றன. நாடி வேகமாகத் துடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இரத்தம் எளிதில் கட்டியாகும் தன்மையைப் பெறுகிறது. ஓரிரு நிமிடத்துக்கு இது நம்மைக் காப்பாற்றும் ஏற்பாடு. மாதக்கணக்கில் நீடித்தால் அதுவே நம்மை அரிக்கும் கறையான்.

கேரளத்தில் பிறந்து கனடாவில் ஆய்வாளரான டொக்டர் சலீம் யூசுப் தலைமையில் நடந்த 'இன்டர்ஹார்ட்' என்ற பெரிய ஆய்வு 2004-ஆம் ஆண்டு வெளியானது. 52 நாடுகளில் ஏறக்குறைய 30,000 பேரைப் பரிசோதித்தார்கள். இலங்கையரும் அதில் அடக்கம். புகைத்தல், கொலஸ்ட்ரோல், பிறஷர், சீனி வியாதி, தொந்தி என்று நாம் அறிந்த காரணங்களின் வரிசையில் மன அழுத்தமும் இடம் பிடித்தது. ஓயாத அழுத்தத்தோடு வாழ்வதாகச் சொன்னவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. இன்னொன்றையும் அந்த ஆய்வு காட்டியது. மற்ற நாட்டவர்க்கு முதல் மாரடைப்பு சராசரியாக 59 வயதளவில் வருகிறது. நம் தெற்காசியருக்கோ 53-லேயே வந்துவிடுகிறது. ராத்தாவின் வயதும் அதுதான்!

பெண்களை அதிகமாகப் பிடிக்கும் வேறொரு நோயும் உண்டு. 1990-இல் ஜப்பானிய வைத்தியர்கள் அதை விவரித்து 'டகோட்சுபோ' என்று பெயரிட்டார்கள். அந்த நாட்டு மீனவர்கள் கணவாய் இனத்தைச் சேர்ந்த எண்காலியைப் பிடிக்கக் கடலில் இறக்கும் குறுகிய கழுத்துப் பானைக்குத்தான் அந்தப் பெயர். பேரதிர்ச்சியில் இருதயத்தின் ஒரு பகுதி வீங்கி அந்தப் பானையின் வடிவத்துக்கு வந்துவிடுகிறது. நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் மாதவிடாய் நின்றவர்களே பெரும்பாலோர். அடைப்பு இல்லாமலேயே மாரடைப்பைப் போன்ற வலி வரும். பெரும்பாலானோர்க்குச் சில வாரங்களில் இருதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் இது எந்த நோய் என்பதை ஆஸ்பத்திரியில்தான் கண்டுபிடிக்க முடியும், வீட்டில் அல்ல.

இந்தக் கரை சுமந்த பாரம்

1994 ஜனவரி 17-ஆம் திகதி அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பூமி அதிர்ந்தது. சாதாரண நாளில் அங்கு இருதயக் கோளாறால் திடீரென மரணிப்போர் சராசரி ஐந்து பேருக்கும் குறைவு. அன்று ஒரே நாளில் 24 பேர்! கட்டடம் விழுந்து இறந்தவர்கள் அல்ல இவர்கள். அதிர்ச்சியில் இருதயம் நின்று போனவர்கள்.

ஒரு நாள் அதிர்ச்சிக்கே இப்படி என்றால், நமது குடாவைச் சுற்றியுள்ள ஊர்களை எண்ணிப் பாருங்கள். பல்லாண்டு யுத்தம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை. அது கிண்ணியா வைத்தியசாலையையும் விட்டுவைக்கவில்லை. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கந்தளாய்க்கு நடந்தார்கள். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணிப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். 2022-இல் பொருள் விலை ஏறி, மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தது.

இவ்வளவையும் பார்த்த பெண்கள் நாம். "இதெல்லாம் பழகிப் போச்சு" என்கிறோம். வாய் அப்படிச் சொல்கிறது. நெஞ்சு பழகிவிட்டதா என்பதுதான் கேள்வி.

படுத்தே கிடந்தால் குணமாகுமா?

நம் மூத்தவர்கள் காலத்தில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள். வைத்திய உலகமே அப்படித்தான் நம்பியிருந்தது. 1952-இல் அமெரிக்காவில் சாமுவேல் லெவின், பேர்னாட் லவுன் என்ற இரு டொக்டர்கள், நோயாளிகளைக் கட்டிலிலிருந்து இறக்கிச் சாய்மனைக் கதிரையில் உட்கார வைத்தார்கள். அது ஆபத்து என்று பலர் எதிர்த்தார்கள். ஆனால் உட்கார்ந்தவர்கள் நலமாகத் தேறினார்கள். அவர்களின் மனச்சோர்வும் குறைந்தது.

1955 செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைக் கவனித்த டொக்டர் போல் டட்லி வைட், நடக்கவும் படிப்படியாக வேலைக்குத் திரும்பவும் ஊக்கப்படுத்தினார். அடுத்த ஆண்டே அவர் தேர்தலில் நின்று மீண்டும் ஜனாதிபதியானார். 1969 வரை வாழ்ந்தார். ஒரு நாட்டையே ஆளத் திரும்பியவர் இருக்கும்போது, நம் ராத்தா ஓர் ஆணத்தைக் கூட்டிவைக்க முடியாதா?

காயம்பட்ட இருதயத் தசை ஆறித் தழும்பாவதற்கு ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரம் செல்லும். அதற்குப் பிறகு பெரும்பாலானோர் வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம். யார், எப்போது, எவ்வளவு என்பதை எக்கோ பரிசோதனையைப் பார்த்து டொக்டர் சொல்வார். பாரம் தூக்குவதும் கிணற்றில் நீர் இறைப்பதும் கடைசியில்தான்.

அழுகைக்கும் வைத்தியம் உண்டு

மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு ஒருவர் கடுமையான மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள். இது ஈமான் குறைவும் அல்ல; நன்றி மறப்பும் அல்ல. அது ஒரு நோய். கவனிக்காமல் விட்டால் மருந்து எடுக்கும் மனமும், நடக்கும் மனமும் போய்விடும். ராத்தாவின் அரிசி வாளி அதற்குச் சாட்சி.

இரண்டு வாரத்துக்கு மேல் இந்த அடையாளங்கள் நீடித்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்: காரணமின்றி அழுகை, தூக்கமின்மை அல்லது ஓயாத தூக்கம், பசியின்மை, யாரையும் பார்க்க விரும்பாமை, "நான் இருந்து என்ன பிரயோசனம்?" என்ற பேச்சு. கடைசியாகச் சொன்ன பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே சொல்லுங்கள். மனதுக்குக் கொடுக்கும் மருந்துகளில் இருதய நோயாளிகளுக்கும் பொருத்தமானவை இருக்கின்றன. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

எளிய வழி ஒன்றை ராத்தாவுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அமைதியாக உட்கார்ந்து, மனதுக்குள் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். பத்து நிமிடம். ராத்தா இதை ஸுபுஹுக்குப் பிறகு முஸல்லாவிலேயே செய்கிறார்.

இந்தியாவில் 24 வைத்தியசாலைகளில் 3,959 மாரடைப்பு நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2020-இல் வெளியிட்டார்கள். மெதுவான உடற்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் யோகா முறையில் பழகியவர்கள், பழகாதவர்களைவிட நலமாக உணர்ந்தார்கள். பழைய வேலைகளுக்கும் கூடுதலாகத் திரும்பினார்கள். ஆனால் மரணமோ மீண்டும் மாரடைப்போ குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே மூச்சுப் பயிற்சி மருந்துக்குத் துணை. மருந்துக்குப் பதில் அல்ல.

நடையே நல்ல மருந்து

உடற்பயிற்சியோடு கூடிய புனர்வாழ்வு, இருதய நோயால் வரும் மரணத்தையும் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் படுப்பதையும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியான விஷயம். அதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. டொக்டர் அனுமதித்ததும் வீட்டு முற்றத்தில் காலையும் மாலையும் ஐந்து நிமிடம். சில நாளுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு 30 நிமிடம் என்பது இலக்கு. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்தி உட்காருங்கள்.

"பெண்பிள்ளைகள் வீதியில் நடக்கிறதா?" என்று கேட்பார்கள். ராத்தா முதலில் முற்றத்தில்தான் சுற்றினார். ஒரு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை என்று கணக்கு! பிறகு பக்கத்து வீட்டு மாமியும் மருமகளும் சேர்ந்துகொண்டார்கள். இப்போது மூவரும் வெயில் ஏறுமுன் நடந்துவிட்டு வருகிறார்கள். மாமியின் சீனி வியாதியும் கட்டுக்குள் வந்திருக்கிறது.

அடுப்படியில் செய்யும் மாற்றம்

நோயாளிக்கென்று தனிச் சட்டி வைத்துப் பத்தியச் சோறு ஆக்கினால் அவர் மனம் நொந்துபோகும். வீடு முழுவதும் ஒரே சாப்பாட்டுக்கு மாறுவதுதான் நல்லது.

உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், மாசிச் சம்பல், பொரித்த அப்பளம் எல்லாவற்றிலுள்ள உப்பும் அந்தக் கணக்கில் சேரும். முதற்பாலைக் குறைத்து ஆணத்தை இரண்டாம் பாலில் ஆக்குங்கள். கடல் நமக்குத் தரும் சூடை, சாளை போன்ற சிறு மீன்கள் விலையிலும் மலிவு. அவற்றின் கொழுப்பும் இருதயத்துக்கு நல்லது. பொரிக்காமல் ஆணமாக்கிச் சாப்பிடுங்கள். தவிடு நீக்காத சிவப்பரிசி, குரக்கன், முருங்கைக் கீரை, வல்லாரை, பருப்பு ஆகியவை தட்டில் இடம் பிடிக்கட்டும். நம் ஊர் எருமைத் தயிர் ருசியானதுதான். ஆனால் எருமைப் பாலில் பசுப்பாலைவிட ஏறக்குறைய இரு மடங்கு கொழுப்பு உண்டு. அளவாக எடுங்கள். கல்யாணச் சஹனும் வட்டிலப்பமும் எப்போதாவது ஒரு பிடி. "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்று வற்புறுத்தும் பழக்கத்தை நோயாளியிடமாவது விட்டுவிடுவோமே!

வெற்றிலையோடு சேர்க்கும் புகையிலையும், ஆண்களின் சிகரட்டும் வீட்டை விட்டே போக வேண்டும். சிகரட்டை விட்ட ஓராண்டில், அதனால் கூடியிருந்த இருதய நோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும்.

குளிசையும் நோன்பும்

ஸ்டென்ட் வைத்தவர் இரத்தக் கட்டியைத் தடுக்கும் குளிசைகளைத் தானாக நிறுத்தினால், அதே இடத்தில் திடீரென மீண்டும் அடைப்பு வரலாம். பெரும்பாலும் அஸ்பிரினோடு இன்னொரு குளிசையையும் ஓராண்டு வரை எடுக்கச் சொல்வார்கள். "சுகம் வந்துவிட்டது, இனி எதற்கு?" என்பதும், "குளிசை சூடு" என்பதும் உயிரோடு விளையாடும் பேச்சு. களைப்போ இருமலோ வந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றித் தருவார். கைமருந்து எடுப்பதானாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ரமழான் நெருங்கும்போது நோயாளியின் மனம் மிகவும் தவிக்கும். உடல்நிலை சீராக உள்ள பலர் டொக்டரின் அனுமதியோடு, மருந்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொண்டு நோன்பு நோற்கிறார்கள். ஆனால் மாரடைப்பு வந்து ஆறு வாரம் ஆகாதவர்கள், நெஞ்சு வலி அடங்காதவர்கள், இருதயம் பலவீனமாகி மூச்சு வாங்குகிறவர்கள் நோற்பது ஆபத்து. ஆகவே ரமழானுக்கு ஓரிரு மாதம் முன்பே கிளினிக்கில் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. குணமானதும் கழா செய்யலாம். குணமாகும் வாய்ப்பே இல்லாதவர் ஃபித்யா கொடுக்கலாம். தொழுகையையும் கதிரையில் இருந்தபடி நிறைவேற்றலாம்.

கணவன் மனைவி உறவைப் பற்றிக் கேட்க நம்மில் பலருக்கு வெட்கம். ஆனால் அந்தப் பயமே பல வீடுகளில் இருவருக்கும் இடையே சுவர் எழுப்பிவிடுகிறது. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இல்லாமல் இரண்டு மாடிப் படிகளை வேகமாக ஏற முடிகிறதென்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. பெண் டொக்டரிடமோ தாதியிடமோ கேட்கலாம். நாக்கின் கீழ் வைக்கும் நெஞ்சு வலிக் குளிசை பாவிக்கும் ஆண்கள், ஆண்மைக் குளிசைகளைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து.

வீட்டாரும் மனிதர்தானே!

நோயாளியின் மூச்சு வருகிறதா என்று நடுஇரவில் எழுந்து பார்க்கும் மனைவி, மகள், மருமகள்... இவர்களின் நெஞ்சையும் நினைக்க வேண்டும். இரவுக் காவலை முறை வைத்துப் பகிருங்கள். ஆண்பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. நோய் விசாரிக்க வருவோர் பத்து நிமிடம் இருந்து, நல்ல வார்த்தை சொல்லி, துஆச் செய்துவிட்டுப் போகட்டும். மௌத்துக் கதைகளை வாசலிலேயே விட்டுவிட்டு வரட்டும்.

கடன், சீதன வீடு, கல்யாணச் செலவு ஆகியவற்றை நோயாளியிடம் மறைப்பதாலும் கவலை குறையாது. அவரைப் புறக்கணித்ததாகவே தோன்றும். சுமையை இறக்குங்கள், மதிப்பை இறக்காதீர்கள். எங்கள் ராத்தாவுக்கு வீட்டுக் கணக்குக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்த நாளில்தான் அவர் முதன்முதலாகச் சிரித்தார்.

வலி மீண்டும் வந்தால்...

பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் சினிமாக் காட்சியாக வருவதில்லை. முதுகு, தாடை, கழுத்து, கை ஆகியவற்றில் அழுத்தம், மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, வாந்தி, என்றுமில்லாத களைப்பு, இப்படியும் வரும். சீனி வியாதி உள்ளவருக்கு வலியே இல்லாமலும் வரலாம்.

அப்படி வந்தால் வேலையை நிறுத்தி உட்காருங்கள். டொக்டர் தந்திருந்தால் நாக்கின் கீழ் ஒரு குளிசை வையுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். குளிசை இல்லாதவர்கள் காத்திருக்கவே வேண்டாம். கட்டி கரைக்கும் ஊசி முதல் சில மணித்தியாலங்களில் போட்டால்தான் நிறையத் தசையைக் காப்பாற்றும். கிண்ணியாவில் ஒரு காலத்தில் நோயாளியோடு கரையில் நின்று பாதைக்காகக் காத்திருந்தோம். 2009 ஒக்டோபரில் பாலம் திறந்த பிறகு அந்தத் தாமதம் போய்விட்டது. "வாய்வு" என்று சொல்லி நாமே உண்டாக்கும் தாமதம்தான் இன்னும் போகவில்லை.

35 வயதைக் கடந்த சகோதரிகள் அரசாங்க ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் பிறஷர், சீனி, எடை போன்றவற்றை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளைத் தடுப்பூசிக்குக் கூட்டிச் செல்ல நேரம் கண்டுபிடிக்கும் நமக்கு, நமக்காக ஒரு காலைப்பொழுது கிடைக்காதா?

ராத்தா இன்று மீண்டும் அடுப்படியில் இருக்கிறார். பாரமான சட்டியை மருமகன் இறக்கி வைக்கிறார். குளிசைகள் கிழமை நாட்களின் பெயர் எழுதிய சிறு டப்பாவில் இருக்கின்றன; அரிசி வாளியில் அரிசி மட்டுமே இருக்கிறது. சில இரவுகளில் பயம் இன்னும் வரத்தான் செய்கிறது. அப்போது எழுந்து உட்கார்ந்து, மகளைக் கூப்பிட்டு, "பயமா இருக்கு, கொஞ்சம் பக்கத்தில இரு" என்று சொல்கிறார்.

முன்பு விளக்கை எரியவிட்டு வாயை மூடிக்கொண்டவர், இப்போது வாயைத் திறந்து சொல்கிறார். பெரும்பாலான இரவுகளில் விளக்கும் அணைந்துதான் இருக்கிறது.